பழனி மலைச் சாலைக்கு ஏற்ற டியர்டிராப் டிரெய்லர்: தேர்வு செய்யவும் உள்ளமைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து இறங்கும் நீர்த்துளி வடிவக் கூடு, அதற்குள் இருவர் படுக்க ஒரு மெத்தை, பின்கதவைத் தூக்கினால் வெளியில் நின்று சமைக்க ஒரு சிறிய அடுக்களை, இவை அனைத்தையும் சுமக்க ஒரே ஒரு ஆக்சில் (சக்கர அச்சு): டியர்டிராப் டிரெய்லர் என்பது இவ்வளவுதான். 1930களில் அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைகளில் செய்யத் தொடங்கிய இந்த வண்டி, இன்றும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. அகலம் நான்கு அல்லது ஐந்து அடி, நீளம் எட்டு முதல் பத்து அடி. உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது.

மதுரை, திண்டுக்கல், கோவைப் பகுதிகளிலிருந்து பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி ஆகிய இடங்களுக்கு இத்தகைய வண்டியை இழுத்து வர விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வாங்க வருவோரில் பெரும்பாலோர் முதலில் மெத்தையையும், அடுத்து அடுக்களையையும், கடைசியில் விலையையும் பார்க்கிறார்கள். சமவெளியில் அந்த வரிசை பெரிய கெடுதல் செய்யாது. மலைக்கோ அது பொருந்தாது. முதலில் சாலை, பிறகு கார், பிறகு எடை, பிரேக், ஈரம் என்ற வரிசையில்தான் முடிவெடுக்க வேண்டும். அடுப்பும் விளக்கும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

முதற்படி: எந்தச் சாலையில் ஏறப்போகிறோம் என்பதை முடிவு செய்தல்

வத்தலகுண்டிலிருந்து காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாக ஏறும் சாலையில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் நாள் முழுவதும் ஓடுகின்றன. டிரெய்லருடன் வருபவர் முதலில் பழக வேண்டிய சாலை அதுதான். பழனியிலிருந்து வரும் சாலை அதைவிட ஒடுங்கியது, வளைவுகளும் நெருக்கமானவை. கும்பக்கரை அருகிலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் சாலையில் எந்த அளவு டிரெய்லரையும் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எதிரே ஒரு ஜீப் வந்தால் பின்னால் எடுக்க இடம் இருக்காது.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்தில் வராது, வளைவின் உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். எவ்வளவு அறுக்கும் என்பது, கார் கொக்கிக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள நீளத்தைப் பொறுத்தது. கொக்கி 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது, அந்த நீளம் 3 மீட்டராக இருந்தால் டிரெய்லர் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உள்ளே வரும்; 4 மீட்டராக இருந்தால் ஒன்றரை மீட்டர் உள்ளே வரும். ஒரு மீட்டர் நீளம் கூடியதற்கு அறுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. உட்பக்கத்தில் இருப்பது வடிகால் பள்ளமோ பாறையோதான் என்பதால், பத்தடிக் கூட்டைவிட எட்டடிக் கூடு மலைக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்லலாம். நீளம் குறைந்த டிரெய்லர் பின்னோக்கிச் செல்லும்போது சட்டென்று மடங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். அதைப் பயிற்சியால் சமாளிக்கலாம், வளைவின் அகலத்தை எந்தப் பயிற்சியாலும் கூட்ட முடியாது.

இரண்டாம் படி: பதிவும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மற்ற வாகனங்களைப் போலவே பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கென ஒரு பதிவெண் கிடைக்கும்; அது வண்டியின் பக்கவாட்டில் எழுதப்பட வேண்டும். இழுக்கும் காரின் எண் டிரெய்லரின் பின்புறத்தில் தெரிய வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்பே, விற்பவரிடம் அந்த மாதிரிக்கு வகை ஒப்புதல் சான்று உள்ளதா, விற்பனைச் சான்றும் தகுதிச் சான்றும் தருவாரா என்று கேட்டு, அவற்றின் நகலுடன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. தெரிந்த வெல்டிங் பட்டறையில் அழகாகச் செய்துகொண்ட வண்டி, பதிவு கிடைக்காமல் கொட்டகையிலேயே நின்றுவிட வாய்ப்புண்டு. காரில் கொக்கி பொருத்துவதற்கும் இதே அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இழுக்காத நாட்களில் கழற்றி வைக்கக்கூடிய டோ பால் (கொக்கியின் உருண்டை முனை) அமைப்பையே தேர்ந்தெடுங்கள். கார் காப்பீட்டில் டிரெய்லரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்பதைப் பாலிசித் தாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. புறப்படும் முன் இணையத்தில் அதைப் பெற்று வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: காரின் இழுவைத் திறன்

காருடன் வந்த கையேட்டை எடுத்து, பிரேக் உள்ள டிரெய்லர் எத்தனை கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லர் எத்தனை கிலோ, கொக்கியின் மீது இறங்கும் செங்குத்துச் சுமை எத்தனை கிலோ என்ற மூன்று எண்களைத் தேடுங்கள். சில கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காரைக் கொண்டு இந்த முயற்சியில் இறங்க வேண்டாம். எண்கள் இருந்தாலும் அவற்றை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது, ஏனெனில் உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்கு வந்து சேரும்போது எஞ்சினின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ டீசல் எஞ்சினில் இந்த இழப்பு மிகவும் குறைவு.

கிளட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏற்றத்தில் ஒரு பேருந்துக்கு வழிவிட்டு நின்று, பிறகு 500 கிலோவைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் கிளட்சுக்கு மிகக் கடுமையான வேலை. வார இறுதியில் பெருமாள்மலைக்கு மேல் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது அதை அடுத்தடுத்துச் செய்ய நேரும். ஏ.எம்.டி. கியர் (கிளட்சைத் தானே இயக்கிக் கியர் மாற்றும் அமைப்பு) உள்ள சிறிய கார்களை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: எடையும் அதன் இருப்பிடமும்

விற்பவர் சொல்லும் எடை காலி வண்டியின் எடை. 350 கிலோ என்று சொல்லப்படும் வண்டியில் மெத்தை, பேட்டரி, சிலிண்டர், 40 லிட்டர் தண்ணீர், உபரிச் சக்கரம், பாத்திரம், கம்பளி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏறியதும் அது 500 கிலோவை எளிதில் தொட்டுவிடும். எனவே முழுச் சுமையுடன் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம் போன்ற சந்தை ஊர்களில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. சில மேடைகள் 10 கிலோப் படிகளில்தான் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த எடையைப் போலவே, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் மூக்கு, அதாவது காரின் கொக்கியில் உட்காரும் முனை, மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தாங்க வேண்டும். 500 கிலோ வண்டிக்கு அது 50 கிலோ. அதுவும் கார்க் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். மூக்கில் எடை குறைந்தால், வேகம் கூடும்போது வண்டி வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். டியர்டிராப் வண்டிக்கு இந்த ஆபத்து அதன் அமைப்பிலேயே இருக்கிறது, ஏனெனில் அடுக்களை ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. அடுப்பு, சிலிண்டர், குக்கர், அரிசி, தண்ணீர் என்று கனமானவை எல்லாம் இயல்பாகவே பின்னால் போய்ச் சேர்கின்றன. ஏற்றத்தில் வண்டி சாயும்போது எடை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகரும். ஆகவே பேட்டரியையும் உபரிச் சக்கரத்தையும் முன்பெட்டியில் வைத்து, தண்ணீர் கேன்களை ஆக்சிலுக்கு நேர் மேலே வைக்க இடம் உள்ள மாதிரியையே தேடுங்கள்.

மூக்கின் எடையை அளக்க, உடல் எடை பார்க்கும் சாதாரணத் தராசு போதும். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கார்க் கொக்கியின் உயரத்துக்குச் சரியாக வரும்படி தராசின் மீது ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன் மேல் மூக்கை இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதைச் செய்ய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கொக்கியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. டோ பால் 50 மில்லிமீட்டர் அளவிலும், இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர் அளவிலும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு அங்குலக் கப்ளரில் (டிரெய்லர் மூக்கில் டோ பாலைக் கவ்வும் பகுதி) 50 மில்லிமீட்டர் பாலைப் போட்டால் பூட்டிக்கொண்டது போலத்தான் இருக்கும். ஆனால் குலுக்கலில் தேய்ந்து, ஒரு பள்ளத்தில் கழன்றுவிடலாம். இரண்டின் மீதும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். கப்ளருக்குக் கீழே இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காகப் போக வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

ஐந்தாம் படி: பிரேக்

இந்த அளவு டிரெய்லர்கள் பலவற்றைப் பிரேக் இல்லாமலே விற்கிறார்கள். ஐரோப்பாவில்கூட 750 கிலோ வரை அதற்கு அனுமதி உண்டு. ஆனால் மலையிலிருந்து இறங்குவதை எண்ணிப் பார்க்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டுக்கு இறங்கும்போது உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர் குறைகிறது. 500 கிலோ வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், 28 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் டயரின் உராய்வும் எஞ்சினின் பிடிப்பும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், எஞ்சியது முழுவதும் பிரேக்கில் வெப்பமாகத்தான் முடிகிறது, அதுவும் கார் தன் சொந்த எடைக்காகத் தாங்கும் வெப்பத்துக்கு மேல். ஆகவே மலைக்கு வரும் டிரெய்லரில், 500 கிலோவாக இருந்தாலும், பிரேக் இருக்க வேண்டும் என்பதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் இடம் தர மாட்டேன்.

பிரேக்கில் இரண்டு வகை. ஓவர்ரன் பிரேக்கில், கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையே டிரெய்லரின் பிரேக்கை அழுத்துகிறது. அமைப்பு எளியது, காரில் எந்த மாற்றமும் வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடித்து இறங்கினாலும் தள்ளல் நிற்காது. எனவே சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் தொடர்ந்து உரசிச் சூடாகும். மின் பிரேக்கில், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் உள்ள கட்டுப்படுத்தி மூலம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். கொஞ்சம் பிடித்து, விட்டு, ஆறவிட்டுப் பிடிக்கலாம். விலை கூடினாலும் மலையேறுபவருக்கு மின் பிரேக்தான் சரி. ஓவர்ரன் பிரேக் உள்ள வண்டிதான் கிடைத்தது என்றால், ஊத்திலும் டம்டம் பாறையிலும் கட்டாயம் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

நிறுத்தியதும் செய்ய வேண்டியது இது: சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, புறங்கையை ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகில், தொடாமல், ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங்கில் கிரீஸ் இல்லை. கருகிய வாடை வந்தால் ஆறும்வரை நகரக் கூடாது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிப்பு விடும் என்பதால் அதையும் செய்யக் கூடாது.

ஆறாம் படி: ஆக்சிலும் சக்கரமும்

உள்ளிருக்கும் ரப்பரால் அதிர்வைத் தாங்கும் ரப்பர் டார்ஷன் ஆக்சில் தாழ்வாக இருக்கும், குலுக்கலும் சத்தமும் குறைவு. இருந்தாலும் பூம்பாறைக்கு அப்பால் ஒரு கோளாறு வந்தால் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கடினம். லீஃப் ஸ்பிரிங் பட்டை உடைந்தால், சுமை வண்டிகளுக்கு வேலை பார்க்கும் எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொடுப்பார்கள். நான் பட்டையின் பக்கம். சக்கரம் காரின் சக்கரமாகவே இருக்கட்டும்: போல்ட் இடைவெளி, டயர் அளவு இரண்டும் ஒத்திருந்தால் ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும்.

பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு எல்லாம் எல்.இ.டி.யாக இருக்கட்டும்; மூடுபனிக்காகச் சிவப்பு ஃபாக் விளக்கு ஒன்றும் தேவை. பிளக்கில் எர்த் கம்பி தனியாக வர வேண்டும். கொக்கியின் இரும்பையே எர்த்தாக நம்பியிருக்கும் வண்டிகளில், முதல் மழையிலேயே விளக்குகள் மினுக்கத் தொடங்கும்.

ஏழாம் படி: கூடும் ஈரமும்

பழனி மலையில் டிரெய்லரை அழிப்பது குளிரல்ல, ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு பக்கம்; மழையே இல்லாத நாளிலும் மதியத்துக்குமேல் ஏறிவரும் மூடுபனி மறுபக்கம்; இவை போதாதென்று, உள்ளே உறங்கும் இருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் வெளியிடும் நீராவி ஏறக்குறைய அரை லிட்டர்.

மன்னவனூர்ப் பக்கம் தை மாத இரவொன்றில், கண்ணாடியை முழுவதும் மூடிவிட்டு உறங்கிய வண்டியின் மெத்தையைக் காலையில் ஓரத்தில் தூக்கிப் பார்த்தால் இந்த அரை லிட்டர் எங்கே போயிற்று என்பது தெரியும். அலுமினியச் சட்டம் சுவரைத் தொடும் கோடு முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். மெத்தையின் அடித்துணி பலகையோடு ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் ஈரம் வரும். ஒரு நாள் என்றால் வெயிலில் காய்ந்துவிடும். உலர்த்தாமல் வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளிப் பூஞ்சை வரும், பிறகு அந்த வாடை போகவே போகாது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, சுவரிலும் கூரையிலும் குறைந்தது 25 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டி நுரைத் தகடு. அது எடை குறைந்தது, தண்ணீரை உறிஞ்சாது. உட்புறத்தில் உலோகச் சட்டம் எதுவும் வெறுமையாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் அதன் மீது துணியோ கார்க் தகடோ ஒட்டிவிட வேண்டும். இரண்டாவது, காற்றோட்டம்: கூரையில் மெதுவாக ஓடும் 12 வோல்ட் மின்விசிறி ஒன்று, தரைக்கருகில் காற்று உள்ளே வரக் கொசுவலை போட்ட திறப்பு ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டையும் அடைப்பவர்கள்தான் காலையில் நனைந்த போர்வையோடு எழுகிறார்கள். மூன்றாவது, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடம்: பலகையில் துளைகள் இட்டு, அதன் மேல் தென்னைநார் விரிப்பு ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் போதும்.

பலகையைப் பொறுத்தவரை, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டைத் தவிர வேறெதையும் ஏற்க வேண்டாம். தண்ணீர் பலகையின் முகப்பு வழியாக உள்ளே போவதில்லை, வெட்டிய ஓரம் வழியாகவும் திருகாணித் துளை வழியாகவும்தான் போகிறது. எனவே ஓரங்களில் எப்பாக்சி பூசியிருக்கிறார்களா, ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் நாடா வைத்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் ஒரு கதவுக் கீலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இந்த வடிவத்தின் மிகப் பலவீனமான இடம் பின்கதவின் மேற்கீல். அங்கிருந்து ஒழுகும் தண்ணீர் அடுக்களை அலமாரிக்குள் இறங்கி, மெத்தைத் தலைமாட்டுக்கு வரும். சோதிக்கும் முறை எளியது: உள்ளே தரை, மெத்தை, அலமாரி முழுவதும் பழைய செய்தித்தாளை விரித்து, கதவுகளை மூடி, ஹோஸ் பைப்பால் அரைமணி நேரம் தண்ணீர் அடியுங்கள். முதலில் மூக்கு உயர்ந்த நிலையில், பிறகு மூக்கு தாழ்ந்த நிலையில் அடிக்க வேண்டும், ஏனெனில் மலையில் சமதளம் கிடைப்பது அரிது. பிறகு திறந்து பார்த்தால், தாளில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். பீடிங் ரப்பர் கதவைச் சுற்றி எங்கும் இடைவெளி இல்லாமல் ஒரே துண்டாக ஓட வேண்டும். மூலையில் வெட்டி ஒட்டியிருந்தால் அங்குதான் ஒழுகும்.

எட்டாம் படி: மின்சாரம்

மலையில் ஒருநாள் தேவையைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும், அவ்வளவு குறைவு. 20 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 160 வாட்-மணி, சிறு விளக்குகள் மூன்றுக்கு 40, இரண்டு கைப்பேசிகளுக்கு 30 முதல் 40. மொத்தம் 240 வாட்-மணிக்குள் அடங்கிவிடும். 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 640 வாட்-மணி தரும். இரண்டு இரவுகளுக்கு அதுவே தாராளம். குளிர்பெட்டி வைத்தால் இந்தக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். இரவெல்லாம் குளிரும் ஊருக்கு அதைச் சுமந்து வரத் தேவையில்லை.

சூரியத் தகடு வெயில் நாளில் நன்றாக வேலை செய்யும், மூடுபனி நாளில் பெயருக்குத்தான் இருக்கும். அதைவிட, கார் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜர் நம்பகமானது, 20 ஆம்பியர் சார்ஜர், வத்தலகுண்டிலிருந்து ஏறிவரும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 500 வாட்-மணியைச் சேர்த்துவிடும். பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். உறைபனி விழும் பள்ளங்களில் காலையில் சார்ஜ் ஏற்றும்போது கவனம் தேவை: இந்த வகைப் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று) உள்ளதையே வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: அடுக்களை

கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் மசியாது. எனவே மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் இந்த அடுக்களையின் முதல் பாத்திரம். இட்லி மாவு மேல்மலைக் (பூம்பாறை, மன்னவனூர் பக்கம்) குளிரில் எளிதில் புளிக்காது. கீழேயே புளிக்கவைத்துக் கொண்டுவந்தால், உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் டப்பாவின் மூடி உப்பித் திறந்துகொள்ளும். முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, வழியில் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கும் படுக்கை அறைக்கும் இடையில் எந்த இடைவெளியும் கூடாது. ஓடும்போது சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், ரெகுலேட்டர் கழற்றப்பட்டு, பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். அலமாரிக் கதவுகளுக்குக் காந்தப் பூட்டு வேண்டாம். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே சம்படங்கள் வெளியே வந்து விழும். அழுத்தித் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள்.

குளிருக்காகக் கூட்டுக்குள் கரியடுப்போ எரிவாயு அடுப்போ வைப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். இவ்வளவு சிறிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாடையின்றிச் சேர்ந்து, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அடுப்பை எப்போதும் வெளியில்தான் எரிப்பது என்றாலும், அந்த வாயுவைக் கண்டறியும் சிறிய அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் பொருத்துங்கள்.

தண்ணீருக்கு இரண்டு 20 லிட்டர் கேன்களும் ஒரு கால் பம்பும் போதும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால், கேன்தான் வசதியும்கூட. பாத்திரம் கழுவிய நீர் இன்னொரு கேனில் விழும்படி குழாய் அமைத்து, ஊருக்குள் வந்து முறையான வடிகாலில் ஊற்ற வேண்டும். இந்த மலையின் ஓடைகள் கீழே இருப்பவர்களின் குடிநீர். பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குத் தண்ணீர் தருகிறது. சோப்பு நீரையோ கழிவறைப் பெட்டியையோ சோலைக்குள் கவிழ்ப்பவருக்கு இந்த மலையில் தங்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

பத்தாம் படி: ஓட்டுவதும் தங்குவதும்

முதல் முறை மலைக்கு வருவதற்கு முன், ஒரு காலி மைதானத்தில் பின்னால் எடுக்கப் பழகுங்கள். டியர்டிராப் காரைவிடக் குறுகியதும் தாழ்வானதுமாக இருப்பதால், நேராக இருக்கும்போது கண்ணாடியில் தெரியாது. தெரியத் தொடங்கும்போது ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருக்கும். பின் மூலைகள் இரண்டிலும் உயரமான குச்சி நட்டுப் பிரதிபலிப்பு நாடா சுற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். ஒடுங்கிய மலைச் சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்; சந்தேகம் வந்தால் இன்னும் ஒன்று குறையுங்கள். காலையிலேயே ஏறி, மூடுபனி வருவதற்குள் இடம் சேர்வது நல்லது.

வனப்பகுதியில் அனுமதியின்றித் தங்க முடியாது. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் மேல்மலையின் பெரும்பகுதியைச் சூழ்ந்திருக்கிறது. சாலையோரம் நிறுத்திப் படுப்பதும் பாதுகாப்பல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டக்காரர்களிடமும், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர்களிடமும் முன்கூட்டியே பேசி, இடத்தைப் பகலில் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வண்டி திரும்ப இடம் உண்டா, மழை வந்தால் மண் வழுக்குமா, தலைக்கு மேல் யூகலிப்டஸோ சவுக்கோ நிற்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்கள் மரத்தடியில் வண்டியை விட மாட்டார்கள்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு அடங்கிய கீழ்மலையில் யானை நடமாட்டம் உண்டு. மலைவாழைத் தாரை வாங்கி டிரெய்லருக்குள் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. வாழைப்பழமும் பலாவும் எவ்வளவு மூடினாலும் வாடையை அடக்க முடியாதவை. மேல்மலையில் காட்டெருமை பக்கத்திலேயே வந்து மேயும். கதவைத் திறக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காலை வெளியே வையுங்கள். அருகில் நின்றால் அது நகரும்வரை உள்ளேயே இருங்கள்.

இடம் சேர்ந்ததும், முதலில் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, அடுத்து கை பிரேக், அதன் பிறகே கொக்கியைக் கழற்றுதல். இந்த வரிசையைச் சரிவில் ஒருமுறைகூட மாற்றக் கூடாது. நான்கு மூலைகளிலும் உள்ள தாங்குகால்கள் ஆட்டத்தைக் குறைக்க மட்டுமே. வண்டியின் எடையை அவற்றின் மீது ஏற்றினால் வளைந்துவிடும்.

வீடு திரும்பிய பின்

இறங்கிய மறுநாளே மெத்தையை வெளியே எடுத்து வெயிலில் போட்டு, எல்லாக் கதவுகளையும் அலமாரிகளையும் ஒரு முழுப்பகல் திறந்து வையுங்கள். பீடிங் ரப்பரைத் துடைத்து சிலிகான் பூசுங்கள். கூரைத் திறப்பை ஒரு விரல் அளவு திறந்தபடியே வண்டியைக் கொட்டகையில் நிறுத்துங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஹப் பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக நிரப்பி, பிரேக் லைனிங்கின் தடிமனைப் பார்த்துவிட்டு, கூரையின் ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி செய்தித்தாள் விரித்துத் தண்ணீர் அடித்துச் சோதியுங்கள்.